4.6 மி.மீ., துடிப்பு இல்லைன்னு ரிப்போர்ட். திங்கக்கிழமையே கிளீன் பண்ணணுமா?

இலைக்கணக்கு, கோத்தகிரி பக்கம்
ஜூன் 6, இரவு 11.40

மூணு நாளா சரியா தூக்கம் இல்லை. கோர்வையா எழுத வராது, பொறுத்துக்கங்க.

தேயிலை ஃபேக்டரி ஒண்ணுல இலை கணக்கு எழுதுறேன். வயசு 29, கல்யாணமாகி மூணு வருஷம், இதான் முதல் தடவை. கடைசியா தீட்டு வந்தது ஏப்ரல் 12. எனக்கு எப்பவும் மாசம் சரியா வராது, 35 நாள், சில தடவை 40 நாள்னு இழுக்கும். மே 18 கிட் வாங்கிப் பார்த்தேன், ஒத்தக்கோடு. மே 24 திரும்பப் பார்த்தேன். ரெண்டாவது கோடு ஜன்னல் வெளிச்சத்துல சாய்ச்சுப் பிடிச்சாத்தான் தெரிஞ்சுது. அவரு "இது கோடே இல்ல, நிழலு"ன்னாரு. நான் அந்தக் கிட்டை பீரோவுல துணிக்கடியில வெச்சேன்.

ஜூன் 3 காலையில பழுப்பா பட்டிருந்துச்சு. சாயங்காலம் சிவப்பு. அடுத்த நாள் ஒரு பேட் முக்கால்வாசி நனைஞ்சுது, கட்டி எதுவும் வரலை. அடிவயித்துல தீட்டு வலி மாதிரி லேசா. டாக்டர்கிட்ட போனோம் (இடம் சொல்ல விரும்பலை). ராத்திரியில உள்ளே வெக்கிற புரோஜெஸ்ட்ரான் மாத்திரை எழுதி, படுத்தே இருன்னு சொல்லி, 5ஆம் தேதி ஸ்கேனுக்கு அனுப்பினாங்க.

ஸ்கேன் சென்டர்ல ஒரு லிட்டர் தண்ணி குடிக்கச் சொல்லி ஒண்ணே கால் மணி நேரம் உட்கார வெச்சாங்க. அப்ப ஒரு ஃபாரம் குடுத்து கையெழுத்து கேட்டாங்க. வயித்துல இருக்கிறது ஆணா பொண்ணான்னு தெரிஞ்சுக்க விரும்பலைன்னு நான் உறுதிமொழி தரணுமாம். எல்லாருக்கும் உள்ளதுதான், சட்டம், தெரியும். ஆனா உயிரோட இருக்கான்னு மட்டும் தெரிஞ்சா போதும்னு உட்கார்ந்திருக்கிறவகிட்ட அந்தக் காகிதத்தை நீட்டினப்ப எனக்கு சிரிப்பு வந்துச்சு. பக்கத்துல இருந்த அம்மா ஒரு மாதிரியா பார்த்தாங்க.

ஸ்கேன் பண்ணின டாக்டர் என்கிட்ட ஒரு வார்த்தை பேசலை. டைப் அடிக்கிற பொண்ணுகிட்டதான் இங்கிலீஷ்ல சொன்னாரு. ரிப்போர்ட்ல உள்ளதை அப்படியே தமிழ் எழுத்துல போடுறேன்: கர்ப்பப்பைக்குள்ள ஒரே ஒரு ஜெஸ்டேஷனல் சாக் (கரு வளர்ற பை). யோக் சாக் (ஆரம்பத்துல கருவுக்கு ஊட்டம் தர்ற சின்னப் பை) தெரியுது. எம்பிரியோ சி.ஆர்.எல். (கருவோட நீளம்) 4.6 மி.மீ. கார்டியாக் ஆக்டிவிட்டி காணப்படவில்லை. தீட்டுக் கணக்குப்படி 7 வாரம் 5 நாள், ஸ்கேன்படி 6 வாரம் 1 நாள். கடைசி வரி, தடிச்ச எழுத்துல: மிஸ்டு அபார்ஷன் (கரு வெளியே வராம உள்ளேயே நின்னுபோச்சுன்னு அர்த்தம்).

அன்னிக்கே எடுத்த ரத்தத்துல பீட்டா (கர்ப்ப ஹார்மோன் அளவு) 14,200. லேப் அண்ணன் "ஏழு வாரத்துக்கு இது கம்மிதான்மா"ன்னாரு.

எங்க டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்த நேரம் அரை நிமிஷம் இருக்கும். "துடிப்பு இல்லம்மா, கலைஞ்சிருச்சு. மாத்திரையை நிறுத்திடு. நாளைக்கு வெறும் வயித்துல வா, கிளீன் பண்ணிடலாம்." வீட்டுக்காரர் பிக்கப்ல கேரட் லோடு ஏத்திக்கிட்டு மேட்டுப்பாளையம் போயிருக்காரு, திங்கக்கிழமை வரேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

வீட்ல ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. போன மாசம் பிக்கப்ல கூடவே கீழே போயிட்டு வந்தேன், அத்தனை கொண்டை ஊசி வளைவுல குலுங்கினதுதான் காரணம்னு அத்தை. அவரோட பாட்டி சிலோன் தோட்டத்துல இருந்தவங்க, சாஸ்திரி ஒப்பந்தத்துல இங்க வந்தவங்க. அவங்க ஒரே வார்த்தைதான்: "நான் கூடையோட மேடு ஏறி இறங்கி ஆறு பெத்தேன், ரெண்டு தங்கலை. எதுக்கு எது காரணம்னு யாரு கண்டா."

என் கேள்வி இதுதான். 4.6 மி.மீ.ல துடிப்பு இல்லைன்னா நிச்சயமா இல்லையா? இல்ல, இன்னும் தெரியலைன்னு அர்த்தமா? கிளீன் பண்ணப் பயம் இல்லை. பண்ணினதுக்கப்புறம் "இருந்திருக்குமோ"ன்னு நினைச்சுக்கிட்டே இருக்கிறதுதான் பயம்.


மலைத்தேன்77
ஜூன் 7, காலை 6.15

பப்பாளி, அன்னாசி, எள்ளு இதுல ஏதாவது சாப்டீங்களா சகோதரி? நம்ம ஊர் குளிருக்கு உடம்புச் சூடும் ஒரு காரணம்.


வார்டு சிஸ்டர், குன்னூர்
ஜூன் 7, காலை 7.50

தேன் தம்பி, குளிரா சூடான்னு முதல்ல நீங்க ஒரு முடிவுக்கு வாங்க.

இலைக்கணக்கு, நான் ரிட்டயர்டு நர்ஸ். 31 வருஷ சர்வீஸ், அதுல பாதி பிரசவ வார்டு, கொஞ்ச காலம் ஸ்கேன் ரூம். டாக்டர் இல்லை. நான் சொல்றதை டாக்டர்கிட்ட கேள்வியா எடுத்துட்டுப் போ, உத்தரவா இல்லை.

நீ கேட்டதுக்குப் பதில்: 4.6ல முடிவு சொல்லக் கூடாதும்மா. அந்தக் கடைசி வரியில "மிஸ்டு அபார்ஷன்"னு போட்டது அவசரம். "சந்தேகம், திரும்ப ஸ்கேன் தேவை"ன்னு போட்டிருக்கணும்.

ஏன்னு சொல்றேன். நான் ஸ்கேன் ரூம்ல நின்ன காலத்துல 5 மி.மீ. இருந்து துடிப்பு இல்லைன்னா முடிஞ்சுதுன்னு எழுதிடுவாங்க. அப்புறம் 2011 வாக்குல வந்த ஆய்வுகள்ல, அந்த அளவை வெச்சு முடிவு பண்ணினா உயிருள்ள கரு ஒண்ணு ரெண்டு அதுல மாட்டிக்கும்னு தெரிஞ்சுது. ஒரே கருவை ரெண்டு டாக்டர் அளந்தாலே அளவு முன்னப்பின்ன வரும், 4.6ங்கிறது இன்னொருத்தர் கையில 5.1 ஆகும். அதனால கோட்டைத் தள்ளி வெச்சாங்க. 2013ல அமெரிக்காவுல வெளியிட்ட விதியும் சரி, இங்கிலாந்துல உள்ளதும் சரி, இப்ப ஒண்ணுதான்: கரு 7 மி.மீ. அல்லது அதுக்கு மேல இருந்து துடிப்பு இல்லைன்னாத்தான் ஒரே ஸ்கேன்ல முடிவு சொல்லலாம். கரு தெரியாம பை மட்டும் இருந்தா, பையோட சராசரி விட்டம் 25 மி.மீ. வந்திருக்கணும். அதுவும் உள்வழியா பார்க்கிற ஸ்கேன்ல. இங்கிலாந்துல அப்பவும் இன்னொரு டாக்டரைப் பார்க்கச் சொல்லுவாங்க, இல்லைன்னா ஒரு வாரம் விட்டுத் திரும்ப எடுப்பாங்க.

உனக்கு ஒரு லிட்டர் தண்ணி குடிக்க வெச்சாங்கன்னா வயித்து மேல வெச்சுத்தானே பார்த்திருக்காங்க? இந்த நாள் கணக்குல மேல் ஸ்கேன்ல துடிப்பு தெரியாமப் போறது சகஜம். உள்வழி ஸ்கேன்ல தெரியுறதை விட ஒரு வாரம் பிந்தித்தான் தெரியும்.

இப்ப உன் கணக்குக்கு வரேன். இதைத்தான் அந்த அரை நிமிஷத்துல யாரும் பார்க்கலை. 7 வாரம் 5 நாள்ங்கிறது உனக்கு 28 நாளைக்கு ஒருதரம் தீட்டு வரும்னு நினைச்சுப் போட்ட கணக்கு. அப்படி வந்திருந்தா ஏப்ரல் 26 வாக்குல கருமுட்டை வந்திருக்கணும், மே 18ல கிட் பளிச்சுன்னு ரெண்டு கோடு காட்டியிருக்கணும். உனக்கு அன்னிக்கு ஒத்தக்கோடு. ஆறு நாள் கழிச்சு நிழல் மாதிரி ஒண்ணு. அப்படின்னா முட்டை வந்ததே மே 6ஐ ஒட்டி இருக்கும். மே 6ல இருந்து எண்ணினா ஸ்கேன் அன்னிக்கு உனக்கு 6 வாரம் 2 நாள். ஸ்கேன் சொல்றது 6 வாரம் 1 நாள். கரு பின்தங்கலை, காலண்டர்தான் முந்திக்கிச்சு. பீரோவுல வெச்சிருக்கிற அந்தக் கிட் உன் ரிப்போர்ட்டை விட நல்ல சாட்சி.

இதுக்காக சந்தோஷப்படவும் சொல்லலை. மங்கலான கோடு, படுறது, துடிப்பு தெரியாதது எல்லாம் நிக்காத கர்ப்பத்துலயும் வரும். இன்னிக்கு ரெண்டு பக்கமும் கதவு திறந்திருக்கு, அவ்வளவுதான்.

பீட்டாவை விடு. ஒரே ஒரு அளவை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, ஆளுக்கு ஆள் அவ்வளவு வித்தியாசம். கரு கண்ணுக்குத் தெரிஞ்ச பிறகு அந்த ரத்தப் பரிசோதனைக்கு வேலையும் இல்லை, ஸ்கேன்தான் பேசும். கோயமுத்தூருக்கு ரத்தம் அனுப்பிக் காசைக் கரைக்காதே.

எத்தனை நாள் காத்திருக்கணும்? குறைஞ்சது 7 நாள். மேல் ஸ்கேன் மட்டும்தான் கிடைக்கும்னா 14 நாள். உனக்கு முதல் ஸ்கேன்ல யோக் சாக் தெரிஞ்சிருக்கு. யோக் சாக்கோட பை தெரிஞ்சு 11 நாள் கழிச்சும் துடிப்புள்ள கரு இல்லைன்னா அது முடிவுன்னு ஒரு விதி இருக்கு. 5ஆம் தேதியோட 11ஐக் கூட்டு, ஜூன் 16, திங்கக்கிழமை. அன்னிக்கு உள்வழி ஸ்கேன் எடு. நல்லா இருக்கிற கரு இந்த நாள்ல தினம் ஒரு மி.மீ. கிட்ட வளரும். 16ஆம் தேதி 15 பக்கம் வரணும். அப்ப யாருக்கும் சந்தேகம் இருக்காது, உனக்கும்.

காத்திருக்கிறதுல ஆபத்து உண்டான்னா, உன் விஷயத்துல குறைவு. யோக் சாக் உள்ள பை கர்ப்பப்பைக்குள்ளேயே இருக்கு, கருக்குழாய்ல தங்குற டியூப் கர்ப்பம் இல்லைங்கிறது அதுலயே தெரிஞ்சுபோச்சு. காய்ச்சல் இல்லை, ரத்தம் கொட்டலை. ஆனா எங்க உட்கார்ந்து காத்திருக்கிறேங்கிறது முக்கியம். உன் வீடு மெயின் ரோட்டுல இருந்து எவ்வளவு உள்ளே? ராத்திரி தேயிலைக்குள்ள காட்டெருமை நிக்கும். இது பலா சீசன் வேற, குஞ்சப்பனைப் பக்கம் யானை ரோட்டை மறிச்சா 108ம் நிக்கத்தான் வேணும். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல சொந்தக்காரங்க இருந்தா அங்க போய் இரு. ஒரு மணி நேரத்துல ரெண்டு பேட் முழுசா நனைஞ்சு, அடுத்த மணி நேரமும் அப்படியே போச்சுன்னா, இல்ல மயக்கம், காய்ச்சல், நாத்தம் எது வந்தாலும் 16ஆம் தேதிக்குக் காத்திருக்காம கிளம்பு.

டாக்டர்கிட்ட ரெண்டு கேக்கணும். கர்ப்பவாய் மூடியிருக்கா திறந்திருக்கான்னு உள்ளே பார்த்தாங்களா? திறந்திருந்தா கதை வேற. அப்புறம் உன் பிளட் குரூப் என்ன? நெகட்டிவ்னா ஆன்டி-டி ஊசி பத்திக் கேளு.

மாத்திரை விஷயம்: 2019ல இங்கிலாந்துல பிரிஸ்ம்னு ஒரு பெரிய ஆய்வு, 4,000 பேருக்கு மேல. எல்லாரையும் சேர்த்துப் பார்த்தப்ப பெரிய வித்தியாசம் இல்லை. முன்னாடி கரு கலைஞ்சு, இப்பவும் படுறவங்களுக்குத்தான் பலன் தெரிஞ்சுது. உனக்கு முதல் தடவை, அதனால மாத்திரையை நிறுத்தினதால போயிடுமோன்னு கவலைப்படாதே. படுத்தே கிடக்கிறதாலயும் ஒண்ணும் நிக்காது. ஆரம்பத்துல கலையுறதுல பாதிக்குப் பாதி கருவோட குரோமோசோம் கோளாறுதான். கொண்டை ஊசி வளைவுக்கு அங்க வேலையில்லை. அத்தைகிட்ட நான் சொன்னேன்னு சொல்லு. பாட்டிக்கு என் வணக்கம்.


இலைக்கணக்கு
ஜூன் 7, பிற்பகல் 1.30

சிஸ்டர், சாப்பாட்டு நேரத்துல எடை மேடை பக்கத்துல நின்னு படிச்சேன். ரெண்டு தடவை. ஆமா, மேல வெச்சுத்தான் பார்த்தாங்க. பி பாசிட்டிவ். கர்ப்பவாய் மூடியிருக்குன்னு முதல் நாள் சீட்டுல இருக்கு, இப்பத்தான் எடுத்துப் பார்த்தேன்.

வீடு ரோட்டுல இருந்து முக்கால் கிலோமீட்டர் கீழே. ஊட்டியில சின்னம்மா இருக்காங்க, ஆஸ்பத்திரிக்கு நடந்தே போகலாம்.

டாக்டர்கிட்ட எப்படிக் கேக்குறதுன்னுதான் தெரியலை. நெட்ல படிச்சேன்னு சொன்னா கோபம் வருமே.


வார்டு சிஸ்டர்
ஜூன் 7, பிற்பகல் 2.05

நெட்டுன்னு சொல்லாதே. "மேடம், எனக்கு மாசம் 40 நாள் வரைக்கும் தள்ளிப் போகும், மே 18ல கிட் நெகட்டிவ், இன்னொரு ஸ்கேன் பார்த்துட்டு வரேன், எனக்கு மனசு கேக்கலை"ன்னு சொல்லு. மனசு கேக்கலைன்னா எந்த டாக்டரும் எதிர்த்துப் பேச மாட்டாங்க. கிட் தேதி காதுல விழுந்தா அவங்களே கணக்குப் போடுவாங்க.


மேகம்பாளையம் (பேரு சும்மா), குந்தா பக்கம்
ஜூன் 7, மாலை 6.20

எனக்கு இப்படித்தான் 2.8 மி.மீ., துடிப்பு இல்லைன்னாங்க. ஒன்பது நாள் கழிச்சுப் பார்த்தப்ப டக்டக்குனு அடிச்சுது. இப்ப யு.கே.ஜி. படிக்கிறான், இதை அடிக்கும்போது மடியில ஏறி உட்கார்ந்து எம் பட்டனையே அமுக்கிக்கிட்டு இருக்கான். நம்பிக்கையா இருங்க.


கூடலூர்க்காரி
ஜூன் 7, இரவு 9.10

எல்லாரும் காத்திருங்க காத்திருங்கன்னு சொல்றதால நானும் ஒண்ணு எழுதிடுறேன். இலைக்கணக்கு தங்கச்சிக்கு இல்லை, உன்னோடது பைக்குள்ள இருக்கு. பின்னாடி இதைத் தேடி வந்து படிக்கிறவங்களுக்கு.

நாலு வருஷம் முன்னாடி. ஆறு வாரம், ரெண்டு நாள் ரத்தம் பட்டு நின்னுபோச்சு. ஸ்கேன்ல கர்ப்பப்பை காலி. "எல்லாம் சுத்தமா வந்திடுச்சு, இனி ஒண்ணும் வேண்டாம்"னு அனுப்பிட்டாங்க. எங்க, யாருன்னு இப்ப எதுக்கு. ஆனா எனக்கு அதுக்கு முன்னாடி ஒரு ஸ்கேன்லயும் பை தெரியவே இல்லை. உள்ளே இருந்ததையே பார்க்காதவங்க வெளியே வந்துடுச்சுன்னு எப்படிச் சொன்னாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குப் புரியலை.

என் நாத்தனார் நர்சிங் படிச்சவ. அவதான் விடாம பீட்டா எடுக்க வெச்சா. 1,180. ரெண்டு நாள் கழிச்சு 1,430. கலைஞ்சிருந்தா சரசரன்னு இறங்கணும், நல்லா இருந்தா நல்லா ஏறணும். இது இறங்கவும் இல்லை, ஒழுங்கா ஏறவும் இல்லை. அன்னிக்கு ராத்திரி வலது தோள்பட்டையில வலி. வயித்துல கூட அவ்வளவு இல்லை, தோள்ல. தேய்ச்சுவிடச் சொல்லிக்கிட்டு இருந்தேன். விடியக்காலையில பாத்ரூம் போய் எழுந்தப்ப கண்ணு இருட்டிக்கிட்டு வந்து வாளி மேல விழுந்தேன்.

ஊட்டிக்கு ஏறுறதா, கேரளா பக்கம் பத்தேரிக்குப் போறதான்னு வாசல்லயே ரெண்டு நிமிஷம் சண்டை. பத்தேரி போனோம். டியூப் வெடிச்சு வயித்துக்குள்ள ஒண்ணரை லிட்டர் ரத்தம். வயித்துக்குள்ள சேர்ற ரத்தம் உள்ளே உறுத்தினா தோள்லதான் வலி தெரியுமாம், அங்க இருந்த டாக்டர் சொன்னாரு.

அதனால, பை இன்னும் கண்ணுல படலைன்னா "வீட்ல இருந்து பார்ப்போம்"னு உட்காராதீங்க. 48 மணி நேரத்துல பீட்டா திரும்ப எடுங்க.


வார்டு சிஸ்டர்
ஜூன் 7, இரவு 9.45

கூடலூர்க்காரி சொன்னதைத் தனியா எழுதி ஒட்டி வெக்கலாம். பைக்குள்ள கரு தெரிஞ்சவளுக்குப் பீட்டா வேண்டாம்னு நான் சொன்னேன், பையே தெரியாதவளுக்கு அதுதான் உயிர். 1,500க்குள்ள ஆரம்பிச்சா ரெண்டு நாள்ல குறைஞ்சது பாதி மடங்காவது கூடணும். 1,180 வந்தவளுக்கு 1,750ஐத் தாண்டியிருக்கணும். தாண்டினாலும் டியூப்ல இல்லைன்னு சத்தியம் பண்ண முடியாது, ஆனா தாண்டலைன்னா அன்னிக்கே பெட்ல சேர்க்கிற கேஸ்.

குந்தாக்காரம்மா, பையனுக்கு முத்தம். ஆனா ஒருத்தர் கதை இன்னொருத்தருக்கு ஜாதகம் ஆகாது.


சிவப்புக்கொடி
ஜூன் 8, காலை 10.00

மருத்துவம் தெரியாது. ஃபேக்டரி வேலைன்னு சொன்னதால இது. எப்படி முடிஞ்சாலும் சரி, கரு கலைஞ்சா 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 65ஆம் பிரிவுப்படி (முன்னாடி 1961 பேறுகால பயன் சட்டத்துல 9ஆம் பிரிவா இருந்தது), அடுத்த நாளிலிருந்து ஆறு வாரம் சம்பளத்தோட லீவு உண்டு. அதனால உடம்பு படுத்தினா அதே பிரிவுல இன்னும் ஒரு மாசம் வரை கேக்கலாம். ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறாங்கன்னா பணம் அங்கேருந்து வரும், அதுவும் ஆறு வாரம்தான். சான்று வேணும், டிஸ்சார்ஜ் சீட்டுல தேதியோட தெளிவா எழுதி வாங்குங்க. இதை நிர்வாகம் தானா சொன்னதா நான் கேள்விப்பட்டதே இல்லை. இப்படி எழுத வேண்டியிருக்கேன்னு சங்கடமாத்தான் இருக்கு.


இலைக்கணக்கு
ஜூன் 21, மாலை 4.15

எல்லாருக்கும் பதில் சொல்லணும்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன்.

9ஆம் தேதி போனேன். சிஸ்டர் சொன்ன மாதிரியே மனசு கேக்கலைன்னு ஆரம்பிச்சேன். மேடம் முதல்ல முகத்தைச் சுளிச்சாங்க. கிட் தேதி சொன்னதும் பேனாவைக் கீழே வெச்சுட்டு விரல் விட்டு எண்ணினாங்க. "சரி, 16க்கு அப்புறம் பார்க்கலாம். ரத்தம் அதிகமானா நீ பொறுப்பு"ன்னு எழுதி வாங்கிக்கிட்டாங்க. வாங்கட்டும். பொறுப்பு என்னுதுதானே.

ஊட்டிக்கு சின்னம்மா வீட்டுக்குப் போயிட்டேன். நடுவுல ரெண்டு நாள் படவே இல்லை. அந்த ரெண்டு நாளும் காலையில வாந்தி வருதான்னு என்னையே நான் வேவு பார்த்தேன். சின்னம்மா அவரைக்காய்க்கு நார் உரிக்கச் சொல்லி உட்கார வெச்சுடுவாங்க, ஒண்ணும் பேச மாட்டாங்க.

16ஆம் தேதி உள்வழி ஸ்கேன். இந்த டாக்டர் பொம்பளை. ஸ்க்ரீனை என் பக்கம் திருப்பி வெச்சாங்க. பை இருந்துச்சு, அதுக்குள்ள ஒரு ஓரமா அரிசி மாதிரி ஒண்ணு. "5.1"னாங்க. 15 வரணும்னு எனக்குத் தெரியும். அப்பவே தெரிஞ்சுபோச்சு. ஆனா அவங்க விடலை. அந்த அரிசி மேல ஒரு புள்ளிக்கோட்டை வெச்சு ஒரு பட்டனைத் தட்டினாங்க, கீழே ஒரு பட்டை ஓட ஆரம்பிச்சுது. "துடிப்பு இருந்தா இது அலை அலையா போகும்மா"ன்னாங்க. கோடு நேரா போச்சு. ரெண்டு நிமிஷம் அப்படியே ஓட விட்டாங்க. அப்புறம் பக்கத்து ரூம்ல இருந்து இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டு அவரையும் பார்க்க வெச்சாங்க. அவரும் ஓட விட்டாரு. நேராத்தான் போச்சு.

நான் அழலை. வெளியே வந்து அவருக்குப் போன் பண்ணினேன், அவருதான் அழுதாரு. ரோட்டோரம் வண்டியை நிறுத்திட்டு.

கிளீன் பண்றதா, மாத்திரையா, தானா வர வரைக்கும் காத்திருக்கிறதான்னு மூணையும் சொல்லி என்னையே கேட்டாங்க. மாத்திரைன்னேன். அன்னிக்கு ஒண்ணு முழுங்கக் குடுத்தாங்க, 18ஆம் தேதி பெட்ல சேர்த்து மிச்சத்தைக் குடுத்தாங்க. மதியம் ரெண்டு மணியில இருந்து அஞ்சு வரைக்கும் வலி. தீட்டு வலின்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, அதை விட அதிகம். சாயங்காலம் வந்திடுச்சு. நர்ஸ் பேசின்ல வாங்கி, பார்க்கணுமான்னு கேட்டாங்க. பார்த்தேன்.

சிவப்புக்கொடி அண்ணா, டிஸ்சார்ஜ் சீட்டுல தேதி போட்டு வாங்கினேன். ஆபீஸ்ல "இதுக்கெல்லாம் ஆறு வாரமா"ன்னு கேட்டாங்க. பிரிவு நம்பரைச் சொன்னேன். மேனேஜர் யாருக்கோ போன் போட்டுக் கேட்டுட்டு ஒண்ணும் சொல்லாம கையெழுத்துப் போட்டாரு. ஜூலை 30 வரைக்கும் லீவு.

ஒண்ணு மட்டும் எதிர்பார்க்கலை. நேத்து எங்க ஊர் கிராம செவிலியர் போன். கர்ப்பத்தை அரசுல பதிஞ்சு பிக்மி நம்பர் போட்டு வெச்சிருந்தாங்க இல்லையா, "இந்த வாரம் செக்கப்புக்கு வரலையே"ன்னு கேட்டாங்க. அவங்களுக்கு யாரு சொல்றது, நான்தான் சொல்லணும். சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் "நான் கம்ப்யூட்டர்ல மாத்திடுறேன் கண்ணு, இனி யாரும் கூப்பிட மாட்டாங்க"ன்னாங்க. இந்த நிலைமையில இருக்கிறவங்க அந்த நம்பர் விஷயத்தை வேற யாரையாவது முன்னாடியே சொல்ல வெச்சிடுங்க.

அத்தை இப்பவும் கொண்டை ஊசி வளைவுன்னுதான் சொல்றாங்க. பாட்டி நேத்து ராத்திரி என் பக்கத்துல வந்து படுத்தாங்க. சிலோன்ல அந்த ரெண்டுல ஒண்ணைத் தேயிலைச் செடிக்கடியிலயே புதைச்சாங்களாம். எந்த மலை, எந்த நம்பர் தோட்டம்னு இன்னும் சொல்றாங்க.

சிஸ்டர், இனி நான் என்ன பார்க்கணும்? லேசா இன்னும் படுது.


வார்டு சிஸ்டர்
ஜூன் 21, மாலை 5.00

நல்ல டாக்டர்கிட்ட போயிருக்கே. ரெண்டு பேர் பார்த்தாங்க பாரு, அதான் முறை.

ரெண்டு வாரம் வரைக்கும் லேசா படும், குறைஞ்சுகிட்டே போகணும். திரும்ப அதிகமானா, காய்ச்சல் வந்தா, நாத்தம் அடிச்சா காட்டு. முட்டை, கீரை, இரும்பு மாத்திரை. அடுத்த தடவைக்குன்னு யாராவது நாட்டு மருந்து குடுத்தா வாங்கி வெச்சுக்கோ, குடிக்காதே.

ஜூலை 9ஆம் தேதி வீட்லயே கிட் பாரு. ஒத்தக்கோடு வரணும். ரெண்டு வந்தா உள்ளே கொஞ்சம் மிச்சம் இருக்கலாம், இங்க வந்து கேக்காம நேரா ஊட்டிக்குப் போ.

பாட்டி சொல்ற தோட்டம், மலை நம்பர் எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதி வையி. கணக்கு எழுதுற கைதானே.